அரை நயா பைசா

பில் திரும்பி வந்தது மார்ச் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை.
ஓரத்தில் சிவப்பு மை:
"மூன்றாம் பத்தி. கூட்டலைச் சரிபார்க்கவும்."
பார்த்தேன். கூட்டல் சரியாகவே இருந்தது.
மறுநாள் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஓடவில்லை.
அதற்கு மறுநாள் ஞாயிறு. முப்பத்தொன்று.

அன்றிரவு பன்னிரண்டு மணிக்குக்
கீழக்கரை சங்கு முகாமுக்கென்று ஒதுக்கிய பணம்
சத்தமில்லாமல் செத்துப்போனது.
வருஷம் முடிந்தால் ஒதுக்கீடும் முடியும் என்பது விதி.
சங்குக்கு விதி தெரியாது.
குடோனில் ஒன்பதாயிரம், சதை அழுகி,
ஊரெல்லாம் சர்க்கார் வாடை.

திங்கள் காலை நாற்பத்தொரு பேர் வாசலில்.
இரண்டரை அங்குல வளையத்தில் நுழைந்ததைக்
கடலுக்கே திருப்பிவிட்டு
நுழையாததற்கு மட்டும் கூலி கேட்பவர்கள்.
"பணம் வரும்" என்றேன்.
"எப்ப?"

என்னிடம் ஒரு ரப்பர் முத்திரை இருந்தது.
பழைய ரசீதுப் புத்தகம் ஒன்றும்.
ஜமீன் என்று அச்சடித்ததை அடித்து
மேலே சர்க்கார் என்று எழுதினேன்.
இன்னாருக்கு, இத்தனை ரூபாய், இத்தனை அணா,
தரவேண்டியது.
பொ. கோதண்டம், தற்காலிக எழுத்தர்.
குடியரசுக்கு அப்போது ஏழு வயது,
பால்பல் விழுகிற வயது.

சீட்டுகள் சுல்தான் கனி ராவுத்தர் கடைக்குப் போயின.
அரிசி தந்தார்,
ரூபாய்க்கு இரண்டணா வட்டம் பிடித்துக்கொண்டு.
புதனன்று மீன்துறை ஜீப் வந்து டீ குடித்துவிட்டுப் போனது.
வட்டம் ஓரணா.
எனக்கு மாற்றல் என்று எவனோ கிளப்பிவிட்டான்.
நாலணா.
புது வேட்டி கட்டிக் கடைத்தெருவில் இருமுறை நடந்தேன்.
மறுபடி இரண்டு.
அணைக்கட்டும் இரும்பாலையும் பேப்பரில்தான் வந்தன,
ராவுத்தர் தராசுக்கு வரவில்லை.
அவர் எடைபோட்டது என் இருமலை.

ஒரு சீட்டு பெரியபட்டினத்தில்
நிக்காஹ் மொய்யாக விழுந்ததாம்.
முதுகில் பெயர்மேல் பெயராக ஏறி,
என் கையெழுத்தே எனக்கு அந்நியமாகித்
திரும்பி வந்தது.
இந்த அதிகாரத்தை உனக்குத் தந்தது யார் என்று
தூக்கத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மே பதினேழில் பணம்.
இரண்டு போலீஸ்காரர், ஒரு கோணி மூட்டை,
உள்ளே புதுக் காசு, நெத்திலிச் செதிலாய் மினுங்க.
அணா போய் நயா பைசா வந்து ஏழு வாரம்.

கடைசியாக வந்தவர் கஸ்பார் பர்னாந்து.
சீட்டை ஒருவரிடமும் மாற்றாமல்
பெட்டிக்குள் வைத்துப் பட்டினி கிடந்தவர்.
பதினொரு ரூபாய் இரண்டணா.
அட்டவணைப்படி எண்ணி வைத்தேன்:
பதினொரு ரூபாய், பன்னிரண்டு நயா பைசா.

அவர் காசைத் தொடவில்லை.
"ரூபாய்க்குப் பதினாறணா. இப்ப நூறு.
ரெண்டணாவுக்குப் பன்னண்டரை வரும்.
அரை எங்க?"
தண்ணீருக்குள் மூச்சை எண்ணுகிறவர்.
எண்ணிக்கை பிசகினால் மேலே வரமாட்டார்.

"அரைக் காசு அடிக்கலையே."
"நான் அரைச் சங்கா எடுத்தேன்?"

என் பையிலிருந்து ஒரு பைசா நீட்டினேன்.
தள்ளிவிட்டார்.
"உங்க காசு எதுக்கு?
அவங்கதான தரணும். எழுதி வைங்க."

எழுதினேன், பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்.
கஸ்பார் பர்னாந்து. அரை நயா பைசா. நிலுவை.

ஜூலையில் தணிக்கைக்காரர் வந்தார்.
சீட்டுகளுக்காக என்னை ஒரு மணி நேரம் நிறுத்திவைத்துத் திட்டினார்.
அந்த வரியில் விரல் வைத்தபோது
அடித்துவிடுவார் என்றே நினைத்தேன்.
வெகுநேரம் பார்த்தார்.
பச்சை மையில் எழுதினார்:
"அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும்."

மறு பருவம்.
விடியுமுன் வள்ளம் தள்ளும்போது
கஸ்பார் என் பக்கம் திரும்பினார்.
"இருக்கா?"
"இருக்கு" என்றேன்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.